பின்னால் வந்த விளக்கு

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில், தண்ணீர் லாரி வராததைப் பற்றிய புகாருக்கும் ஆறாவது மாடி நாய் குரைப்பதைப் பற்றிய புகாருக்கும் நடுவே, சென்ற மாதம் ஓர் அறிவிப்பு வந்து விழுந்தது. 'மறைந்தோர் விளக்கு ஊர்வலத்துக்கு நடையாட்கள் தேவை. ஆண், பெண் யாரும் பெயர் கொடுக்கலாம். முன்அனுபவம் அவசியமில்லை.' கீழே சங்கத்தின் செயலாளர் நிவேதாவின் பெயர். அதற்குக் கீழே யாரோ கைகூப்பும் சின்னம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, லாரி எப்போது வரும் என்று மறுபடியும் ஒருவர் கேட்டிருந்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன். இறந்தவராக நடப்பதில் முன்அனுபவம் உள்ளவர்கள் ஆவடியில் இன்னும் சிலர் மிச்சமிருக்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஓசூரிலிருந்து வந்தவள். கணினி வேலை. எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுகூட இராது.

அன்று மாலை கீழே இறங்கியபோது, கார்கள் நிறுத்துமிடத்தில் பாய் விரித்து நான்கைந்து பேர் விளக்குக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் நின்று பார்த்தேன். ஏதோ குறைந்தது. என்னவென்று புரிய லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வரும்வரை ஆயிற்று. பசைக்கு வாசனையே இல்லை. டப்பாவில் வரும் வெள்ளைப் பசை அது. எதையும் ஒட்டும், எதையும் நினைவூட்டாது. நாங்கள் ஒட்டிய காலத்தில் மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவோம். அந்தப் புளித்த, செம்பேறிய வாடை ஒரு வாரம் விரல்களை விட்டுப் போகாது. சோற்றைப் பிசையும்போது மூக்குக்கு வரும். "சாவு வாசனையோட சாப்பிடாதீங்க, கையை இன்னொரு தடவை கழுவுங்க" என்பாள் கோமதி. கோமதி என் மனைவி. பங்குனியில் போய்விட்டாள். நோயைப் பற்றி எழுதுவதற்கில்லை.

நடையாள் என்றால் என்னவென்று நீங்கள் கேட்கக்கூடும். இந்தச் சொல் எந்த அகராதியிலும் இல்லை. எங்கள் குடியிருப்புக்குள்ளேயே பிறந்து, பெரும்பாலும் அங்கேயே செலவழிந்த சொல். நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். உலோகம் ஏன் உடைகிறது என்பதில் முனைவர் பட்டம் பெற்றவன். மனிதர்களைப் பற்றி அந்த ஆய்வேட்டில் ஒரு வரியும் கிடையாது. குடியிருப்பில் எங்களில் ஒருவர்கூட உள்ளூர்க்காரர் அல்லர். நாகர்கோவில், மாயவரம், பாலக்காடு, சேலம், கடப்பை என்று எங்கெங்கிருந்தோ வந்து, ஒரே மாதிரியான மஞ்சள் வீடுகளில் ஒரே மாதிரியான பச்சைக் கதவுகளுக்குப் பின்னால் வாழ்ந்தோம். எங்கள் மனிதர்கள் தொலைவில் இறந்தார்கள். தந்தி வரும். விடுப்புக் கிடைத்தால் ரயிலில் இடம் இராது. இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தால் வீடு கழுவி விடப்பட்டிருக்கும். முகம் பார்க்காத துக்கம் என்று ஒன்று உண்டு. அது ஆறுவதற்கு வழி தெரியாமல் ஆளுக்கு ஆள் வைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்காகத்தான் ஊர்வலம் தொடங்கியது. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் வரும் ஒரு சனிக்கிழமை மாலை. எந்த மதத்துக்கும் உரிய நாள் அல்ல அது. ஓவர்டைம் இல்லாத நாள், அவ்வளவுதான். அந்த ஆண்டு இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு. மூங்கில் தப்பையும் வண்ணக் காகிதமும் சேர்ந்த கூடு, உள்ளே அகல். விளக்கை இறந்தவரின் உறவினர் ஏந்தக்கூடாது. உறவில்லாத ஒருவர், இறந்தவருடைய பொருள் ஏதாவது ஒன்றை அணிந்துகொண்டு, அவர் நடந்த மாதிரியே நடந்து ஏந்திப் போவார். அவர்தான் நடையாள். உறவினர் அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். பார்க்கத் தவறியவர்கள் பார்ப்பதற்குத்தானே இவ்வளவும். ஏரிக்கரையில் விளக்கை இறக்கி வைத்ததும் முடிந்தது. திரும்பும்போது நடையாள் தன் சொந்த நடையில்தான் வரவேண்டும். அதில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. இறக்கி வைத்தவர் நிமிர்ந்து தானாக நடக்கத் தொடங்கும் அந்த நிமிடத்தைப் பலர் பார்க்கமாட்டார்கள், ஏரியைப் பார்ப்பார்கள்.

நடையாள் கிடைக்காதவர்களும் உண்டு. அவர்களுடைய விளக்குகளெல்லாம் சேர்ந்து, கேன்டீன் தள்ளுவண்டியில் கடைசியாக வரும். அதில் குறை ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்வோம். சொல்லிவிட்டு, "பாவம், வண்டியில போனாரு" என்று வீட்டுக்கு வந்து பேசுவோம்.

எங்கள் நடையாட்களில் தலைசிறந்தவர் காசிம் பாய். கேன்டீனில் தேநீர்ப் பொறுப்பு அவருடையது. பூந்தமல்லிக்காரர், அந்த வகையில் எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் மண்ணின் மைந்தர். ஒல்லியான மனிதர். ஆனால் பருமனான ஒருவருக்காக நடக்கும்போது பூமி அதிர்வதைப்போல் இருக்கும். ஃபோர்மன் ஞானமுத்துவின் தாயார் நாசரேத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இறந்தபோது காசிம் பாய்தான் நடந்தார். அந்த அம்மாள் ஆண்டுக்கொரு முறை மகன் வீட்டுக்கு வந்து, சாலையையும் வெயிலையும் மருமகளையும் வைதுகொண்டே கடைக்குப் போய்வருவார். காசிம் பாய் அவருடைய நூல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, உதடு முணுமுணுக்க நடந்தார். பின்னால் ஞானமுத்து. பட்டறையில் அவர் குரல் கேட்டால் கடைசல் இயந்திரம்கூட நிதானிக்கும் என்பார்கள். தண்ணீர்த் தொட்டி அருகே சாலையில் ஒரு குழி இருந்தது. அங்கே வந்ததும் ஞானமுத்து, "யம்மா, பள்ளம் கெடக்கு, பாத்துப் போ" என்றார். சொன்னது அவருக்கே தெரிந்திருக்காது. காசிம் பாய் திரும்பாமல், "நீ பாத்து வா ல" என்றார்.

அதன்பிறகு ஏரிக்கரை வரைக்கும் ஞானமுத்து தலை நிமிரவில்லை. மறுநாள் கேன்டீனில் காசிம் பாயைக் கண்டதும், டீயில் சர்க்கரை போதவில்லை என்று எரிந்து விழுந்தார். "இந்த ஆளுக்கு நன்றி சொல்ல இதான் வரும், இன்னா பண்றது" என்று காசிம் பாய் இன்னொரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார்.

என்னையும் நடையாளாக்கிப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவருக்காகவும், ஒரு தையல்காரருக்காகவும், யாரோ ஒருவரின் பெரியப்பாவுக்காகவும் நடந்திருக்கிறேன். கடமை தவறாமல் குறிப்பெடுத்து, வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போவேன். பயனில்லை. "சார் நடந்தா செத்தவங்க அல்லாரும் ஆபீசர் ஆயிட்றாங்கோ" என்று காசிம் பாய் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். கோமதி அதற்குச் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போது பிடிக்கவில்லை. "நீங்க யாரா நடந்தாலும் நீங்களாத்தான் நடக்கறீங்க" என்றாள். அவள் குடியிருப்புப் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தால் அதற்குமேல் ஒரு சொல் சொல்லமாட்டாள்.

குடியிருப்பின் மஞ்சள் வீடுகள் ஒவ்வொரு வரிசையாகக் காலியாயின. ஓய்வுபெற்றவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலர் பிள்ளைகளோடு பெங்களூரு, புனே என்று போனார்கள், எங்களைப் போன்ற சிலர் ஏரியைச் சுற்றி எழும்பிய அடுக்ககங்களில் ஒன்றில் கடன் வாங்கிக் குடியேறினோம். ஊர்வலத்தையும் சாமான்களோடு சாமானாகக் கொண்டுவந்தோம். புதியவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அவர்களுக்கும் தொலைவில் மனிதர்கள் இறக்கிறார்கள். தந்திக்குப் பதில் வீடியோ வருகிறது, அவ்வளவே வேறுபாடு.

அறிவிப்பு வந்த இரண்டொரு நாளில் நிவேதா கதவைத் தட்டினாள்.

"அங்கிள், ஆண்ட்டிக்கு யார் நடக்கணும்னு சொல்லிட்டீங்கன்னா நான் போட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா போதும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"யாரும் அமையலைன்னா கவலைப்படாதீங்க. வண்டி இருக்கு. இந்தத் தடவை பேட்டரி வண்டி, பூவெல்லாம் கட்டி நல்லா பண்ணிடுவோம்."

"வண்டி வேண்டாம்" என்றேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் தலையசைத்துவிட்டுப் போனாள்.

வண்டி வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆள் வேண்டுமே. கோமதியோடு பள்ளியில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் மதுரையில், மற்றொருவர் படுக்கையில். பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் எண்ணை மாற்றிவிட்டார்கள். இந்த அடுக்ககத்தில் உள்ளவர்களுக்குக் கோமதி, கடைசி ஆண்டில் சக்கர நாற்காலியில் லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி மட்டுமே. சரி, நானே யாருக்காவது விளக்கிச் சொல்லிவிடலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்து அவள் நடந்ததை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது வந்தது, விடைத்தாள் திருத்தியது வந்தது, அடுப்பருகே ஒரு காலை மற்றொரு காலின்மேல் வைத்து நின்றது வந்தது. நடந்தது மட்டும் வரவில்லை. இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவளின் நடை எப்படித் தெரியாமல் போகும்? நினைவு உடைந்த இடத்தை நுண்நோக்கியில் வைத்துப் பார்க்க முடியுமானால் பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை காலை, காசிம் பாயைப் பார்க்கக் குமணன்சாவடிக்குப் பஸ் ஏறினேன். மெட்ரோத் தூண்களுக்கு நடுவே இறங்கி, எந்தப் பக்கம் கடப்பது என்று தெரியாமல் நின்று, கடைசியில் ஒரு பால்காரரின் சைக்கிளை ஒட்டிக் கடந்தேன். மகனுடைய செல்போன் கடைக்கு மேலே அவருடைய அறை. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது.

"வா சார். இன்னா, தாடி வுட்டுகினு கீற?"

"சவரம் பண்ண மறந்துட்டேன் பாய்."

"நீ எங்க மறக்கற. சொல்றதுக்கு ஆள் இல்ல, அதான்."

நான் உட்கார்ந்தேன். அவருடைய மருமகள் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். வந்த காரியத்தைச் சொன்னேன். கோமதிக்கு அவர்தான் நடக்கவேண்டும் என்றேன். அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"இத்த வெச்சிகினா? கட்டில்லேர்ந்து பாத்ரூம் போறதுக்கே எனக்கு ஒரு நடையாள் தேவப்படுது சார்."

"அப்போ எப்படி நடப்பான்னாவது சொல்லுங்க. வேற யாருக்காவது நான் சொல்லிக்கறேன்."

காசிம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். வலக்கையின் இரண்டு விரல்களைக் கட்டில் விரிப்பின்மேல் கால்களைப்போல் நிறுத்தினார். பழைய பழக்கம், யாருக்கு நடப்பதானாலும் முதலில் விரல்களைத்தான் நடக்கவிடுவார். விரல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு இடக்கையின் இரண்டு விரல்களை எடுத்து அவற்றுக்கு முன்னால் வைத்தார். இடக்கை விறைப்பாக, வேகமாக விரிப்பின்மேல் போயிற்று. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அது நான்.

"பாத்தியா? டீச்சரம்மா தனியா எனக்கு ஞாபகத்துக்கே வர்ல சார். மொதல்ல நீ போற. அப்பறந்தான் அவங்க வராங்கோ." வலக்கை விரல்கள் மெல்ல நகர்ந்தன. நின்றன. "நீ ரயிலு புடிக்கப் போறா மாரி போய்க்கினே இருப்ப. அவங்க பூக்காரிகிட்ட நிப்பாங்கோ. எதிர்ல வர்ற பசங்களாண்ட வீட்டுக்கணக்கு போட்டியான்னு கேப்பாங்கோ. அதுக்குள்ள நீ தூரமாப் பூட்டிருப்ப. அப்பறம் குடுகுடுன்னு ஓடியாந்து உன்னப் புடிப்பாங்கோ. புடிச்சிட்டு, திரும்பியும் எங்கியாச்சும் நின்னுடுவாங்கோ." விரல்கள் அப்படியே செய்தன. "இதான் அவங்க நடை. நீ முன்னால போனாத்தான் இது வரும். இல்லாங்காட்டி வராது."

நான் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதனால நீ முன்னால நட. வெளக்கு பின்னால வர்ட்டும்."

"உறவுக்காரங்க விளக்குக்குப் பின்னாலதானே வரணும் பாய்? அதுதானே முறை."

"யார் வெச்ச மொறை? நாமதான வெச்சோம். கேன்டீன்ல டீ குடிச்சிகினு வெச்சோம். மாத்தறதுக்கும் ஒரு டீ குடிச்சாப் போதும்." என் கோப்பையைச் சுட்டிக்காட்டினார். "ஆறுது பாரு."

திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தேடாமல் வந்தது. உருவம் அல்ல, ஓசை. இடது செருப்பு மட்டும் தரையில் லேசாக இழுபடும். இடுப்பில் செருகிய சாவிக்கொத்து. பிறகு மௌனம், நின்றுவிட்டாள் என்று பொருள். பிறகு சாவிகள் வேகமாகக் குலுங்கும், வருகிறாள். நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது. பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை. காதுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

நான் முன்னால் நடப்பேன், விளக்கு பின்னால் வரவேண்டும், ஏந்தத்தான் ஆள் இல்லை என்று நிவேதாவிடம் சொன்னேன். கைப்பேசியில் குறித்துக்கொள்ளப் போனவள் அதை மூடினாள்.

"நானே நடக்கறேன் அங்கிள். ஆனா எனக்கு நடிக்கல்லாம் வராது. ஆண்ட்டிய நான் நடந்து பார்த்ததில்லையே. என்ன பண்ணணும்?"

"வழியில யார் கூப்பிட்டாலும் நின்னு பேசும்மா. பேசி முடிச்சிட்டு என்னை வந்து பிடிச்சுடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

கோமதியின் செருப்பையும் சாவிக்கொத்தையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். சாவிகளில் பாதி, இப்போது இல்லாத பூட்டுகளுக்கு உரியவை.

ஊர்வலத்தன்று மாலை மேகம் இருந்தது, மழை இல்லை. விளக்குகளில் அகலுக்குப் பதில் பேட்டரி பல்பு. அணையாது, கூட்டைக் கருக்காது, எல்லா வகையிலும் மேலானது. குறைசொல்ல நான் முயலவில்லை. விளக்குகள் முன்னே, மனிதர்கள் பின்னே என்று எல்லோரும் வரிசையில் நிற்க, எங்கள் முறை வந்தபோது நான் வெறுங்கையோடு முன்னால் போய் நின்றேன். யாரோ என் தோளைத் தொட்டு, "அங்கிள், நீங்க பின்னாடி வரணும்" என்றார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் என் நிழல் சாலையில் எனக்கு முன்னால் நீண்டு போயிற்று. செருப்போசை கேட்டது. அது அவளுடையது அல்ல. இரண்டு செருப்பும் ஒரே மாதிரி விழுந்தன. ஒழுங்கான, இளமையான, யாருடையதும் அல்லாத நடை. இது நடக்காது என்று நினைத்தேன். வண்டியில் விட்டிருந்தால் கௌரவமாகவாவது இருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன். என் கால்கள் மட்டும் பழக்கத்தில் வேகமெடுத்தன.

அடுக்ககத்து வாசலைத் தாண்டியதும் ஒரு குரல். "நிவேதா, நாளைக்காவது லாரி வருமா?" பின்னால் செருப்போசை நின்றது. செயலாளரை வழியில் கண்டால் விடுவார்களா? நான் நிற்கவில்லை. நிழல் மங்கிக்கொண்டே வந்து மறைந்தது. இன்னும் பத்துப் பதினைந்து தப்படி போயிருப்பேன். சாவிகள் குலுங்கும் சத்தம் வேகமாக நெருங்கி வந்தது. செருப்பு அவளுக்குப் பெரிது போலும். ஓடியபோது ஒன்று தரையில் இழுபட்டது. நிழல் மீண்டும் என் காலடியிலிருந்து முளைத்து நீண்டது.

பிறகு இன்னொருவர் கூப்பிட்டார். பிறகு ஒரு பெண், குழந்தைக்கு ஏதோ காட்டவேண்டும் என்று நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் பின்தங்கியது. ஒவ்வொரு முறையும் ஓடி வந்து பிடித்தது. ஏரிக்குத் திரும்பும் முனையில் ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. உள்ளே காசிம் பாய், முழங்காலுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பாத சார்" என்றார் தாழ்ந்த குரலில். "வந்துகினு கீறாங்கோ."

நான் திரும்பவில்லை. ஆனால் கொஞ்ச தூரம் போனபின் சத்தம் மறுபடி நின்றது. வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் வரவே இல்லை.

"என்ன, அங்கேயே நின்னுட்டே?" என்றேன்.

அதை நான் சொல்வதாக இல்லை. எத்தனையோ ஆண்டுகள், கடைத்தெருவிலும் ரயில்நிலையத்திலும் கோயில் வாசலிலும், திரும்பாமலே சொல்லிச் சொல்லி வாய் அதைத் தானாகவே சொல்லிவிட்டது. அதற்கு அவள் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். அந்தப் பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க போங்க அங்கிள், வரேன்" என்றது பின்னாலிருந்த குரல்.

ஒரு சொல்தான் அதிகம். போனேன்.

ஏரிக்கரையில் விளக்குகளை வரிசையாக இறக்கினார்கள். நிவேதாவும் குனிந்து வைத்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். அக்கரையில் முன்பு ஒன்றுமே தெரியாது, இருட்டு மட்டும்தான். இப்போது அங்கும் அடுக்ககங்கள், ஒவ்வொரு சன்னலிலும் ஒரு வெளிச்சம். நிவேதா செருப்பைக் கழற்றித் துடைத்து, சாவிக்கொத்தோடு என் கையில் கொடுத்தாள். பையிலிருந்து தன்னுடைய காலணியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"சரியா பண்ணினேனா அங்கிள்? நடுநடுவுல எல்லாரும் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. ரொம்ப லேட் பண்ணிட்டேன்ல?"

"இல்லம்மா. சரியா இருந்தது."

திரும்பும்போது கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே நடந்தாள். நல்ல நடை, ஓசையே இல்லாதது. பிறகு அவளுடைய தோழிகள் அழைக்க, விடைபெற்றுக்கொண்டு போனாள். ஆட்டோ நின்ற இடத்தில் ஆட்டோ இல்லை. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் நடை எனக்கு மாறவில்லை; காசிம் பாய் சொன்ன அதே ரயில் பிடிக்கும் நடை. வழியில் பூக்கடை இருந்தது. கணக்குப் படிக்கும் வயதில் பிள்ளைகள் எதிரே வந்தார்கள். எங்கும் நிற்கவேண்டியிருக்கவில்லை. வீடு சீக்கிரம் வந்துவிட்டது.